சால்மொனெல்லாவும் மூணு கொட்டேஷனும்

பி.காம். படிக்கிறவனுக்கு பாக்டீரியாவோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது மக்களே. நான் சொல்லப்போவது சுத்தமான காஸ்டிங் பிரச்சினை.

மலத்தில் சால்மொனெல்லா இருக்கிறதா என்று பார்க்க, மாதிரியை அகார் தட்டில் தேய்த்து 37 டிகிரியில் வைத்து, மறுநாள் என்ன நிறத்தில் காலனி வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எந்தத் தட்டு வாங்குவது? மூணு கொட்டேஷன், குறைந்த விலைக்கு ஆர்டர், முடிந்தது வேலை. "எல்லாம் அகார்தானே சார்!"

இல்லை சார்.

மெக்கான்கி தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.கோலை லாக்டோஸைத் தின்று இளஞ்சிவப்பாக நிற்கும், சால்மொனெல்லா அதைத் தொடாமல் நிறமில்லாமல் நிற்கும். ஆனால் புரோட்டியஸும் நிறமில்லாமல்தான் நிற்கும். அடுத்தது எக்ஸ்.எல்.டி., 1965ல் வெல்டன் டெய்லர் வெளியிட்டது. சால்மொனெல்லா விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். சிவப்புக் காலனி, நடுவில் கறுப்புப் பொட்டு, பார்க்க அழகாக இருக்கும். கூத்து என்னவென்றால் புரோட்டியஸும் சில சிட்ரோபேக்டரும் கூட கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு வரும்!

சந்தேகக் காலனி ஒவ்வொன்றுக்கும் டி.எஸ்.ஐ., யூரியேஸ், ஆன்டிசீரம் என்று சோதனை நீளும். ரீஏஜென்ட் செலவு, டெக்னீஷியன் நேரம், இன்னும் ஒரு நாள். இது எந்தக் கொட்டேஷனில் இருக்கிறது? குரோமோஜெனிக் அகார் விலை கூடுதல்தான். ஆனால் அதில் சால்மொனெல்லா தனியாக ஊதா நிறத்தில் தெரிவதால் வெட்டிச் சந்தேகங்கள் பெருமளவு குறையும். தட்டு விலையைப் பார்க்காதீர்கள், ஒரு சரியான ரிப்போர்ட்டின் அடக்கவிலையைப் பாருங்கள். முதல் வருஷ காஸ்டிங் பாடம் இது.

பணம் போனால் போகட்டும். பாராடைஃபி ஏ என்று ஒன்று உண்டு, நம் நாட்டில் குடற்காய்ச்சலுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடே விடாது. பொட்டு இல்லை. பொட்டை மட்டும் தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய் 'சால்மொனெல்லா இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். டைஃபி விடுவதும் கொஞ்சம்தான். அதற்கு பிஸ்மத் சல்ஃபைட் தட்டு நல்லது, கறுப்பில் உலோகப் பளபளப்போடு காலனி வரும். ஆனால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் குப்பையில் போடுகிறவர் அதை வாங்காமலே இருக்கலாம்.

காய்ச்சலின் முதல் வாரத்தில் கிருமியை ரத்தத்தில் தேட வேண்டும், அது வேறு கதை. மலத்தில் தேடுவது யாருக்கு ரொம்ப முக்கியம் தெரியுமா? சமையல் செய்கிறவர்களுக்கு. 1907ல் நியூயார்க்கில் பிடிபட்ட மேரி மல்லன் ஒரு சமையல்காரர். அவருக்குக் காய்ச்சலே இல்லை, மலத்தில் கிருமி மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவும் எல்லா நாளும் வரவில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்குத் தப்பாக 'இல்லை' என்று எழுதிக்கொடுத்தால் சாப்பிடப்போவது நாம்தான் (மெஸ்ஸில் சாப்பிடும் சங்கத்து ஆட்கள் கவனிக்கவும்). கிருமி கிடைத்தால்தான் அது எந்த மருந்துக்குச் சாகும் என்றும் சோதிக்க முடியும். 2016ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தலைகாட்டிய டைபாய்டு, செஃப்ட்ரையாக்ஸோனுக்கே மசியவில்லை.

"சின்ன லேப், நோயாளியால் எவ்வளவுதான் கொடுக்க முடியும்?" என்பது நியாயமான கேள்வி. எல்லோரும் குரோமோஜெனிக் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. செலினைட் குழம்பில் ஒரு ராத்திரி வளரவிட்டு, எக்ஸ்.எல்.டி., பிஸ்மத் சல்ஃபைட் இரண்டிலும் தேய்த்து, பொட்டில்லாத காலனியையும் சோதித்தாலே பாதிக் கிணறு தாண்டலாம். ஆனால் ஒப்பீட்டு அறிக்கையில் தட்டு விலைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு காலம் போடுங்கள் ஐயா: எத்தனை காலனியைச் சந்தேகப்பட்டீர்கள், அதில் எத்தனை நிஜமாகவே சால்மொனெல்லா? லேப் ரிஜிஸ்டரிலேயே இருக்கும், எடுத்து எழுத வேண்டியதுதான் பாக்கி.