வைக்கோல் யார் கொடுத்தது?





இம்மாதம் ஒரு பிரசங்கத்தைக் குறித்து உங்களுக்கு எழுதுகிறேன். அது நான் செய்த பிரசங்கம். அவ்விதமாய்ச் செய்திருக்கக் கூடாத பிரசங்கம்.

இவ்வாண்டின் தொடக்கத்தில், திருப்பதியிலுள்ள எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் சாட்சி வேளையில் எழுந்து நின்றார். குடியாத்தம் பக்கத்திலிருந்து 1984இல் ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்தவர். இரயில்வேயில் வேலை கிடைத்தது. 1988இல் மனை வாங்கினார். 1989இல், தமது முப்பத்தோராவது வயதில், சொந்த வீட்டைப் பிரதிஷ்டை செய்தார். “கையில் ஒன்றுமில்லாமல் வந்தேன், கர்த்தர் என்னைக் கட்டினார்” என்று கண்ணீரோடு சொன்னார். சபை அல்லேலூயா என்றது. தொடர்ந்து பிரசங்கிக்க எழுந்த நான் அந்தச் சாட்சியைப் பிடித்துக்கொண்டேன். இக்காலத்து வாலிபருக்கு முப்பது வயதாகியும் ஒரு குடும்பத்தைத் தாங்கப் பெலனில்லை, செல்போனிலும் சுற்றுலாவிலும் பணம் போகிறது, உழைக்க மனமில்லை என்று அரைமணி நேரம் பேசினேன். முதியவர்கள் ‘ஆமென்’ என்றார்கள்.

அந்த மூப்பரின் மகன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் வயது முப்பத்தொன்று. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த மாதத் திருவிருந்துக்கும் வரவில்லை.

நான் அவனைத் தேடிப் போனேன். 2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, தடாவுக்கு அருகில் இருக்கிறது. கார், குளிர்சாதனப் பெட்டி, செல்போன், சாக்லேட் என்று பல தொழிற்சாலைகள் அங்கே உண்டு. அவற்றில் ஒன்றில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. பி.டெக். படித்தவன். வேறொருவனோடு ஓர் அறையைப் பகிர்ந்து தங்கியிருக்கிறான். இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்தான்.

“தம்பி, என் வார்த்தை உன்னைப் புண்படுத்தியதா?” என்று கேட்டேன்.

“இல்லை ஐயா” என்றான். சற்று நேரம் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்முன் வைத்தான்.

அதில் எழுதியிருந்ததை அவன் அனுமதியோடு இங்கே தருகிறேன். கைக்கு வரும் சம்பளம் 16,400 ரூபாய். அறை வாடகையில் அவன் பங்கு 2,500. மெஸ் 4,500. கல்விக் கடன் தவணை 3,800. தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கு 3,000. ஊருக்கு வந்துபோக 800. செல்போன் ரீசார்ஜ் 300. ஆக 14,900. மீதி 1,500. அதற்குக் கீழே ‘தசமபாகம் 1,640’ என்று எழுதி, பக்கத்தில் ‘குறைவு 140’ என்று எழுதியிருந்தான். மாதத்துக்கு மாதம் அந்த 140 வந்துகொண்டேயிருந்தது.

“காணிக்கைப் பை வரும்போது கை கூசுகிறது ஐயா” என்றான். பிரசங்கத்தைக் குறித்து அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம் என்னை விடவில்லை. வேதாகமக் கல்லூரி நாட்களிலிருந்து எத்தனையோ முறை அதை மோசேயின் பக்கத்தில் நின்று பிரசங்கித்திருக்கிறேன். இம்முறை செங்கலை எண்ணுகிறவர்களின் பக்கத்தில் என்னைக் கண்டேன். பார்வோன் செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. வைக்கோலை மாத்திரம் நிறுத்தினான். ஜனங்கள் எகிப்து தேசமெங்கும் சிதறிப்போய்த் தாளடிகளைப் பொறுக்கினார்கள். எண்ணிக்கை குறைந்தபோது அவர்களுக்குக் கிடைத்த பெயர் சோம்பேறிகள் என்பது. நான் பிரசங்கித்ததும் ஏறக்குறைய அதுவே அல்லவா?

பிரியமானவர்களே, நம் தலைமுறைக்குக் கிடைத்த வைக்கோலைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1988இல் அந்த மூப்பருடைய மாதச் சம்பளம் 1,400 ரூபாய். அவர் வாங்கிய நான்கு சென்ட் மனை 16,000 ரூபாய். ஒரு வருடச் சம்பளத்துக்கும் குறைவு. அன்று அங்கே முட்செடியும் பாம்பும் இருந்தன. யாரும் வாங்க வரவில்லை. இன்று அதே தெருவில் அதே அளவு மனைக்கு 40 இலட்சம் கேட்கிறார்கள். அவர் மகன் உண்ணாமல் உடுக்காமல் முழுச் சம்பளத்தையும் எடுத்து வைத்தாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகும்; அதுவும் வெறும் மண்ணுக்கு. இது அவனுடைய சோம்பலால் ஏறிய விலையல்ல. நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர் வந்துபோகும் ஊரில் ஒவ்வொரு அறைக்கும் விலையுண்டு. 2015இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்தன. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டத் தலைநகராக்கினார்கள். ஒவ்வொன்றும் ஊருக்கு நல்லதே. ஒவ்வொன்றும் மனை விலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

‘அரிசி இலவசமாய்க் கிடைக்கிறதே, இவர்களுக்கு என்ன குறை?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நானே கேட்டிருக்கிறேன். 1983இல் என்.டி. ராமாராவ் கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கிய என் தகப்பனார் அன்று முதன்முறையாக மாதக் கடைசியிலும் சோறு உண்டு என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அரிசியே வாழ்வும் சாவுமாக இருந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, அரிசி கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். 2023 முதல் ரேஷன் அட்டைக்கு அரிசி இலவசம் என்பது மெய்தான். ஆனால் வாடகையையும் கல்விக் கட்டணத்தையும் மருத்துவச் செலவையும் ரேஷன் கடையில் தருவதில்லை. நம் நாட்களில் செல்வந்தர் வீட்டில் மாத்திரம் இருந்த தொலைபேசி இன்று மலிவு. நமக்கு எட்டியிருந்த மனை இன்று எட்டாது. நாமோ பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியைப் பார்த்து அவர்களுடைய ஐசுவரியத்தை அளக்கிறோம்.

தங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாம் நகை அணியாத ஜனங்கள். ஆயினும் பெண் பார்க்கும்போது ‘நகைக்குப் பதிலாக’ என்று ரொக்கம் பேசுகையில் மாத்திரம் சவரன் விலை நமக்கு மனப்பாடமாய் வருகிறது. 1990இல் சவரன் ஏறக்குறைய 2,500 ரூபாய். 2025 அக்டோபரில் 90,000ஐக் கடந்தது. ‘பத்துச் சவரனுக்கு உரியது’ என்று அன்றும் பேசினோம். இன்றும் அதே பத்தைப் பேசுகிறோம். செங்கல் கணக்கு குறையவில்லை. இதைக் குறித்து மற்றொரு மாதம் விரிவாய் எழுதுவேன்; சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நம் தலைமுறையில் எல்லாருக்கும் வைக்கோல் கிடைத்துவிடவும் இல்லை. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த குடும்பங்கள் நம் சபைகளிலும் உண்டு. மாந்தோப்பு வைத்திருக்கிறவர்கள் 2025 கோடையில் தோத்தாபுரி மாங்காய்க்கு ஆலைகள் எட்டு ரூபாயும் அரசு நான்கு ரூபாயும் என்று கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் அறிவிக்கப்பட்ட பின்பும் ஆலை வாசலில் டிராக்டர்களோடு காத்து நின்றார்கள். இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளே இன்று சென்னையிலும் பெங்களூரிலும் தாளடி பொறுக்குகிறார்கள். இதை வாசிக்கிற உங்களில் அநேகர் அவர்களே.

வாலிபர் எல்லாரும் சிக்கனமானவர்கள் என்று எழுதினால் நான் பொய்யனாவேன். செல்போன் செயலியில் கடன் வாங்கிப் பிறந்தநாள் கொண்டாடி, பின்பு ஜெபக் குறிப்பு அனுப்புகிறவர்களையும் அறிவேன். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதைத் தனியே அழைத்துச் சொல்லிவருகிறேன். ஒருவனுக்குச் சொல்ல வேண்டியதைப் பீடத்திலிருந்து எல்லாருக்கும் சொன்னதே என் தவறு.

அந்த வாரமே மூப்பரின் வீட்டுக்குப் போனேன். நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல மகனிடம் முன்னரே அனுமதி வாங்கியிருந்தேன். மூப்பர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “நான் சைக்கிள் மிதித்தேன், இரவு டூட்டிக்குப் பின் செங்கல் சுமந்தேன், எனக்கு யார் கொடுத்தார்கள்?” என்றார். அவர் சுமந்தது மெய். அவர் தோளில் தழும்பு இன்றும் இருக்கிறது. வைக்கோல் கொடுக்கப்பட்ட நாட்களிலும் செங்கல் அறுத்தது அடிமை வேலைதானே. அதை யாரும் அவரிடமிருந்து எடுத்துவிட முடியாது.

வீடு கட்டப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று மாத்திரம் கேட்டேன். அவர் உள்ளே போய், வீட்டுப் பத்திரம் வைத்திருந்த பழைய கோப்பைக் கொண்டுவந்தார். பத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டச்சுக் காகிதம் இருந்தது. வேலை நிரந்தரமான ஊழியருக்கு அரசு தரும் வீடு கட்டும் முன்பணம், குறைந்த வட்டி, மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம். அந்த வீட்டின் பெரும்பகுதி அந்தக் காகிதத்தில் நின்றது. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதை நான் சாட்சியில் சொன்னதே இல்லை, பாஸ்டர்” என்றார்.

வேறொன்றும் உண்டு. மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. ஆந்திர அரசில் அவ்வாண்டு செப்டம்பர் முதல் இல்லை. மூப்பர் 1984இல் சேர்ந்தவர். விலைவாசி ஏறும்போது அவருடைய அகவிலைப்படியும் ஏறுகிறது. வீட்டிலிருக்கும் தகப்பனுக்கு வரும் ஓய்வூதியம், இரவு ஷிப்ட்டில் நிற்கும் மகனுடைய சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு. இதை நான் சொல்லவில்லை; அவரே விரல்விட்டு எண்ணிச் சொன்னார். 2 கொரிந்தியர் 12:14ஐ எடுத்து வாசிக்கச் சொன்னேன். சேர்த்து வைக்கும் கடமை யாருக்கு யார்பேரில் என்று பவுல் அங்கே சொல்லுகிறதை அவர் இரண்டுமுறை வாசித்தார். பின்பு தம் மனைவியைப் பார்த்து, “அவனுடைய படிப்புக் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி?” என்று கேட்டார். அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று, நான் பேசியதற்காக வாலிபரிடம் மன்னிப்புக் கேட்டேன். முதியவர்கள் இம்முறை ‘ஆமென்’ சொல்லவில்லை. மகன் அன்றும் வரவில்லை; இரவு ஷிப்ட் என்று பின்பு அறிந்தேன்.

இந்தக் கடிதத்தை அச்சுக்கு அனுப்புமுன் அவனுக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாய்க் கேட்டான். ஒரே ஒரு திருத்தம் சொன்னான்: “வாடகை ஏறிவிட்டது ஐயா. என் பங்கு இப்போது 2,800. குறைவு 440 என்று போடுங்கள்.”