குடும்பத்துடன் காப்பி குடிப்பது குற்றமா?



சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கமோ சாரதா கல்லூரி சாலைப் பக்கமோ மாலையில் சென்று பாருங்கள். கண்ணாடி முகப்புக் காப்பியகங்களும் பேக்கரிகளும் புதிது புதிதாய்த் திறந்தவண்ணம் உள்ளன. நாமக்கல்லிலும் இதே காட்சிதான். அங்கே புர்கா அணிந்த நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளோடு அமர்ந்து முட்டை பப்ஸும் காப்பியும் சாப்பிடுகிறார்கள்.

இது சிலருக்குப் பொறுக்கவில்லை. அண்மையில் நான் கேட்ட ஒரு பயானில் இக்கடைகள் அனைத்தும் ஷைத்தானின் இருக்கைகள் என்று வர்ணிக்கப்பட்டன. பெண்களை அங்கே அழைத்துச் செல்லும் ஆண்களுக்கு ரோஷமில்லை என்றும் சொல்லப்பட்டது. அமர்ந்திருந்தோர் தலையசைத்தனர். சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் நானும் தலையசைத்திருப்பேன். இன்று அதற்கு என் மனம் இடங்கொடுக்கவில்லை. காரணங்களைச் சொல்கிறேன், சரியா தவறா என்று நீங்களே எடைபோடுங்கள்.

முதலாவது, மார்க்கத்தின் அடிப்படை விதி. உணவிலும் பானத்திலும் தடை என்று ஆதாரம் வந்தவை மட்டுமே ஹராம். ஏனைய யாவும் ஆகுமானவை. அல்லாஹ் தன் அடியார்களுக்கு வழங்கிய நல்லுணவுகளைத் தடுத்தவர் யார் என்று அல்அஃராஃப் அத்தியாயத்தின் 32ஆம் வசனம் வினவுகிறது. நாவில் வந்தபடி ஹலால், ஹராம் என்று தீர்ப்பளிப்பதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் கண்டிக்கிறது. ஹராமை ஹலாலாக்குவது பெரும்பாவம் என்பதை நாம் அறிவோம். ஹலாலை ஹராமாக்குவதும் அதே வாசலில்தான் நிற்கிறது என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, இந்தக் காப்பியின் வரலாறு. யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கங்களில் விழித்திருப்பதற்காகப் பருகிய பானம் இது. 1511ஆம் ஆண்டு மக்காவின் அதிகாரியாக இருந்த கைர் பேக் அதைத் தடைசெய்தார். மருத்துவர் சிலரும் அறிஞர் சிலரும் அவருக்குத் துணைநின்றனர். தடைக்கு உடல்நலக் காரணங்கள் சொல்லப்பட்டன. அவரை உறுத்தியதோ மக்கள் இரவில் கூடியமர்ந்து பேசியது. அத்தடை நிலைக்கவில்லை. நம் ஊருக்கு மேலே நிற்கும் சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். ஏற்காட்டுக் காப்பி மணக்காத சேலத்து வீடு இன்று உண்டா? ஒரு காலத்துப் பதற்றம் இன்னொரு காலத்தின் காலை வழக்கமாகிவிட்டது. காப்பியகத்தைக் கண்டு பதறுவோர் இதை ஒரு கணம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உண்மையான ஹராம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. மதுவிலக்கின் வரலாற்றில் நம் மண்ணுக்குத் தனியிடம் உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் நிறுவிய இராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று அதில் அடங்கியிருந்தன. அதே மண்ணில் இன்று நிலைமை என்ன? 1983இல் தொடங்கப்பட்டு, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட டாஸ்மாக், அரசின் பெயரால் மது விற்கிறது. கடையோடு ஒட்டிப் பார்கள் இயங்குகின்றன.

அந்தப் பார்களில் நம் சமுதாயத்து ஆண்கள் ஒருவர்கூட இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் முடியுமா? குடித்துவிட்டு வரும் கணவனின் கையால் அடிபட்டு, ஜமாஅத்தின் முன் கண்ணீரோடு நிற்கும் சகோதரிக்காக எத்தனை பயான்கள் நடந்தன? மது பரிமாறப்படும் விரிப்பில் அமரவே கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் தெளிவான வழிகாட்டல். ஆகவே பார் நடத்தும் விடுதியின் கூடத்தில் மதுக் கோப்பைகளுக்கு நடுவே அமர்ந்து பிரியாணி சாப்பிடுவதை நான் ஆதரிக்கவில்லை. பிரியாணி ஹலாலாகவே இருந்தாலும் சரி. அது தெளிவான எல்லைக்கோடு. ஆனால் பாரையும் பேக்கரியையும் ஒரே மூச்சில் சபிப்பவர் அந்தக் கோட்டைத் தம் கையாலேயே அழிக்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று கேட்டு வளரும் இளைஞன், காப்பியகத்துக்குப் போனபின் அடுத்த வாசலுக்குப் போக ஏன் தயங்குவான்?

நான்காவது, நம் பெண்கள். ஃபஜ்ர் முடிந்ததும் ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. இஷாவுக்குப் பின் பரோட்டாக் கடை இருக்கிறது. வெளியில் அமர்வது ரோஷத்துக்கு இழுக்கு என்று அப்போது எவரும் சொன்னதில்லை. பெண்களுக்கு என்ன இருந்தது? திருமண மண்டபம், மருத்துவமனை, மவுத்து வீடு.

சென்ற ஆண்டு என் தாயாரைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் நுழைந்தோம். மேசையருகே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. தயங்கி நின்று, "பொம்பளைங்க இங்கே உக்காரலாமாப்பா?" என்று கேட்டார். என் அத்தா நாற்பதாண்டுகள் தினமும் டீக்கடையில் அமர்ந்தவர். அத்தாவுக்கும் எங்களுக்கும் அதே நாற்பதாண்டுகள் தேநீர் போட்டுக் கொடுத்த என் தாயார், வேறொருவர் போட்ட தேநீரை ஒரு கடையில் அமர்ந்து குடித்தது அன்றுதான் முதன்முறை. அந்தக் கேள்வி எனக்குச் சாட்டையடியாக இருந்தது. அதுவரை நான் மார்க்கம் என்று நம்பியிருந்தவற்றில் எவ்வளவு வெறும் ஆண்களின் வசதி என்று அன்று விளங்கிற்று.

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிக்கும் நிகழ்வு ஒன்று உண்டு. சுவையாகக் குழம்பு சமைக்கும் பாரசீக அண்டைவீட்டார் ஒருவர், நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். ஆயிஷா (ரலி) அவர்களும் வரலாமா என்று நபியவர்கள் கேட்க, அவர் இல்லை என்றார். அப்படியானால் தாமும் வருவதற்கில்லை என்று நபியவர்கள் மறுத்தார்கள். மீண்டும் அழைத்தபோதும் அதே பதில். மூன்றாம் முறை அவர் இசைந்த பிறகே இருவரும் எழுந்து சென்றார்கள். மனைவியை விட்டுவிட்டு நல்லுணவுக்குச் செல்ல மறுத்தவர் நம் தலைவர். மனைவியோடு செல்பவனுக்கு ரோஷமில்லை என்று சொல்ல நமக்கு எங்கிருந்து துணிவு வந்தது?

இக்கடைகளில் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அதை மறைக்கமாட்டேன். கோழி பப்ஸில் இருப்பது ஹலால் முறையில் அறுத்ததா, கேக்கின் மீதுள்ள ஜெல்லியில் எந்த ஜெலட்டின், டிசம்பர் மாதத்து பிளம் கேக்கில் ரம் ஊறியிருக்கிறதா என்று கேட்டறிவது நம் கடமை. கடைக்காரரிடம் பண்போடு கேட்டால் பெரும்பாலோர் மறைக்காமல் சொல்வார்கள். கேளாமலே வதந்தி பரப்புவது பேணுதல் ஆகாது. விரயமும் உண்மையான நோய்தான். படம் எடுப்பதற்காக ஆர்டர் செய்து, பாதியை மேசையிலேயே விட்டுச் செல்வதும், கடன் வாங்கி விருந்து வைப்பதும் கண்டிக்கத்தக்கவை. தெருவோரத்தில் அமர்பவர் பார்வையைத் தாழ்த்த வேண்டும், பிறருக்குத் தொல்லை தரலாகாது, ஸலாமுக்குப் பதிலளிக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பாதையின் உரிமைகளைக் கற்றுத் தந்தார்கள். காப்பியக மேசைக்கும் அவை பொருந்தும். தொழுகை நேரம் வந்தால் எழுந்துவிட வேண்டும். இவற்றைச் சொல்லும் பயானை நான் முன்வரிசையில் அமர்ந்து கேட்பேன்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இளைஞர்கள் கெட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறீர்களா? அப்படியென்றால் பாருக்கு எதிராக மனுக் கொடுங்கள். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். அமர்ந்து பேச, படிக்க, பெண்களும் வந்துசெல்ல மஹல்லாவில் ஓர் இடம் அமையுங்கள். அதுவரை, ஒரு தகப்பன் தன் மனைவி மக்களோடு அமர்ந்து நாமக்கல் முட்டையில் செய்த கேக்கைப் பகிர்ந்துண்பதைப் பாவப்பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சகோதரர்களே, வரும் வாரத்தில் ஒருநாள் உங்கள் தாயாரையோ மனைவியையோ அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் விரும்பியதை வாங்கிக் கொடுங்கள். திரும்பும்போது அண்டைவீட்டுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிச் செல்லுங்கள்.

ஹலாலை ஹலாலாகவும் ஹராமை ஹராமாகவும் கண்டு நடக்கும் தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.