மார்ச் மாதச் செலவு அவசரம்: சுமை யாருக்கு?

புதுதில்லி: நிதியாண்டின் கடைசி வாரங்களில் அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் பணி ஆணைகளும் பில்களும் குவிவது ஆண்டுதோறும் தொடர்கிறது. ஒதுக்கிய பணத்தை மார்ச் 31-ஆம் தேதிக்குள் செலவிட்டாக வேண்டும் என்ற நெருக்கடி, ஒப்பந்தப் பணிகளின் தரத்தையும் அவற்றைச் செய்யும் தொழிலாளர்களின் வருவாயையும் ஒருசேரப் பாதிக்கிறது.

விதி இருந்தும் தீராத சிக்கல்

நிதியாண்டின் இறுதி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்கை மீறும் செயல் என்று 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 62-ஆவது விதி வெளிப்படையாகக் கூறுகிறது. கடைசிக் காலாண்டுச் செலவு பட்ஜெட் மதிப்பீட்டில் 33 சதவீதத்தையும், மார்ச் மாதச் செலவு 15 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது மத்திய நிதி அமைச்சகம் நெடுங்காலமாக வலியுறுத்தி வரும் வரம்பாகும். இருந்தபோதிலும், இந்த வரம்பு மீறப்படுவதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளன.

இதற்குக் காரணம் அதிகாரிகளின் அலட்சியம் மட்டுமல்ல. செலவிடப்படாத ஒதுக்கீடு ஆண்டு முடிவில் காலாவதியாகிறது. சிக்கனமாகச் செயல்பட்ட பிரிவுக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும் வாய்ப்பும் உண்டு. பொதுத்துறை நிறுவனங்களின் சொந்த நிதி காலாவதியாவதில்லை. எனினும், ஆண்டு மூலதனச் செலவு இலக்கை எட்டுவது அவற்றின் செயல்திறன் மதிப்பீட்டில் இடம்பெறுவதால் அங்கும் இதே அவசரம் தலைதூக்குகிறது. மிச்சப்படுத்தியவருக்குப் பரிசில்லை, செலவிடாதவருக்கோ விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது.

அமெரிக்க அனுபவம்

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கொள்முதல்களை ஆராய்ந்து பொருளியல் அறிஞர்கள் ஜெஃப்ரி லீப்மன், நீல் மஹோனி ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டின் கடைசி வாரச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைவிட 4.9 மடங்காக இருந்ததைக் கண்டறிந்தது. அந்த வாரத்தில் ஒப்பந்தமான தகவல் தொழில்நுட்பத் திட்டங்களின் தரம் குறைவாக இருந்தது. மிச்சப் பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதி பெற்றிருந்த நீதித் துறையில் இத்தகைய தரச் சரிவு காணப்படவில்லை.

தலை எண்ணிக்கைக்குப் பணம்

ஒப்பந்தங்களின் அமைப்பும் வீணடிப்புக்கு வழிவகுக்கிறது. பணியாளர் எண்ணிக்கையின் அடிப்படையில் பில் தொகை கணக்கிடப்படும்போது, 10 பேர் செய்யும் வேலையை 8 பேரைக் கொண்டு முடிக்கும் ஒப்பந்ததாரருக்கு வருமானம் குறைகிறது. மிகக் குறைந்த விலை கோரியவருக்கே பணி என்ற முறையிலோ, ஊதியத்திலும் பொருளின் தரத்திலும் கைவைக்கத் தூண்டுதல் ஏற்படுகிறது.

நிர்வாகக் குழப்பம் இதை மேலும் மோசமாக்குகிறது. வேலையை வரையறுப்பது ஒரு பிரிவு, மேற்பார்வையிடுவது மற்றொன்று, பணம் வழங்குவது வேறொன்று. ஒப்புதலுக்காக மாதக்கணக்கில் நிற்கும் பணி, மார்ச்சில் ஒரே மூச்சில் முடிக்கப்பட வேண்டியதாகிறது. முன்பு காத்திருந்ததும் பின்னர் இரவு பகலாக உழைப்பதும் ஒரே தொழிலாளர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆண்டுத் தொழில் ஆய்வின்படி, அமைப்புசார்ந்த ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 10 பேரில் 4 பேர் ஒப்பந்ததாரர் வழியாகப் பணியமர்த்தப்பட்டவர்கள். ஒப்பந்ததாரர் ஊதியம் வழங்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே வழங்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தந்த பாதுகாப்பு. கடந்த 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஆனால், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான குறைந்தபட்ச எண்ணிக்கை 20-இல் இருந்து 50 ஆக உயர்த்தப்பட்டிருப்பதால், சிறிய ஒப்பந்தங்களில் வேலை செய்வோர் இந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிற்க நேரிடும்.

வரம்பு விதிக்கும் சுற்றறிக்கைகளால் மட்டும் மார்ச் அவசரம் ஓயாது. மிச்சத்தின் ஒரு பகுதியையேனும் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதிப்பதும், செலவின் அளவுக்குப் பதிலாக முடிந்த பணியின் தரத்தை வைத்து அதிகாரிகளை மதிப்பிடுவதும் தேவை. அதுவரை, சேமிப்பது குற்றம்போலவும் செலவழிப்பது சாதனைபோலவும் தோன்றும் கணக்கே நீடிக்கும்.