நாயேனுக்கு ஆங்கிலம்

சிம்பொனியும் விருந்தினர் குரல்களும் கலந்த மெட்டல் ராக் ஓப்பரா என்றால் சைனிக்புரியில் எங்கள் தெருத் தெலுங்கு இளைஞருக்கு உயிர். அவருக்கு நான் கொடுத்தது 2005-இல் வந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’. வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. ஆங்கிலத்தில் பாடியவர் ராய் ஹார்கோர்ட். அந்த ஆங்கில வரிகள், ‘காட்ஸ்பெல்’ (1971) ராக் இசை நாடகத்தின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதியவை. ஏசு கதைக்குப் பாட்டெழுதியவர் சிவனுக்கும் எழுதினார்!

மாணிக்கவாசகர் தன்னை ‘நாயேன்’ என்பார். 1900-இல் வெளியான மொழிபெயர்ப்பில் ஜி.யு. போப் அந்த நாயை விடவில்லை. ஷ்வார்ட்ஸ் நாயை விட்டார். மனிதனின் போதாமையை எடுத்துக்கொண்டார். இளைஞருக்குப் புரிந்தது ஷ்வார்ட்ஸ்தான். என் ஓட்டு போப்புக்கு. “கடவுளிடம் போய் யாராவது ‘குக்க’ என்று சொல்லிக்கொள்வார்களா?” என்றார் இளைஞர். விரட்டினாலும் வாசலை விட்டுப் போகாதது அதுதானே என்றேன்.