அந்த 27 நாள் கப்பல்

கப்பலில் வேலை பார்த்தவரின் பிள்ளைகளிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வரும்போது டேப் ரெக்கார்டர் வாங்கி வந்ததைச் சொல்வார்கள். வாசலில் டாக்ஸி வந்து நின்றதைச் சொல்வார்கள். நடுவில் போன மாதங்களில் அவர் எந்தக் கடலில் இருந்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பல் இன்ஜின் ரூமில் 22 வருஷம் வேலை பார்த்தவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். அவர் போன பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

தேட நினைப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியது சி.டி.சி. என்ற சிறு புத்தகத்தை. மாலுமிக்கு அதுதான் அடையாள அட்டை, அதுதான் சர்வீஸ் புக். கப்பல்காரர்கள் பேச்சில் அதன் பெயர் ‘நல்லி’. ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பலின் பெயர், பதிவு எண், எந்த ஊரில் எந்தத் தேதியில் ஏறினார், எங்கே இறங்கினார், என்ன வேலை என்றெல்லாம் அதில் இருக்கும். நடத்தைக்கும் திறமைக்கும்கூடத் தனித்தனிக் கட்டம் உண்டு. அப்பாவுக்கு எல்லாப் பக்கத்திலும் ‘வெரி குட்’.

கப்பலின் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ‘ஜல’ என்று தொடங்கினால் சிந்தியா கம்பெனி. ‘ஜக்’ என்றால் கிரேட் ஈஸ்டர்ன். ‘விஷ்வ’ என்றால் 1961-ல் உருவான அரசு நிறுவனம், ஷிப்பிங் கார்ப்பரேஷன். அந்தக் கப்பல் எங்கே கட்டப்பட்டது, எத்தனை டன் என்பதையெல்லாம் லாயிட்ஸ் பதிவேட்டின் பழைய தொகுதிகளில் பார்க்கலாம். பல தொகுதிகள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. அப்பா பிரிட்டிஷ் கப்பலில் போனவர் என்றால், பழைய மாலுமிப் பட்டியல்களில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கிறது.

அப்பாவின் புத்தகத்தையும் அம்மாவின் பழைய கணக்கு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். அக்கா பிறந்தபோது அவர் ஹாம்பர்க்கில் இறங்கியிருக்கிறார். எனக்குக் காது குத்தியபோது கல்கத்தாவில் ஏறியிருக்கிறார். ஏறக்குறைய எல்லாப் பயணமும் பத்து, பன்னிரண்டு மாதம். ஒன்று மட்டும் 27 நாள். 1972 பிப்ரவரி 16-ல் பம்பாயில் ஏறி, மார்ச் 14-ல் லாஸ் பால்மாஸில் இறங்கியிருக்கிறார்.

அந்த மார்ச் 2-ம் தேதிதான் எங்கள் தாத்தா இறந்தார். அப்பா வீடு வந்து சேர்ந்தது 18-ம் தேதி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். “தந்தி கொடுத்தும் ஆற அமர வந்தான். கொள்ளி வைக்கத்தான் வரவில்லை, காரியத்துக்காவது வந்தானா?” என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

லாஸ் பால்மாஸ் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அதே காலத்தில் கடலோடிய, எண்பது வயதைத் தாண்டிய ரேடியோ ஆபீசர் ஒருவரிடம் தேதிகளைக் காட்டினேன். அவர் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்.

1967 ஜூன் முதல் 1975 ஜூன் வரை சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. பம்பாயிலிருந்து ஐரோப்பா போகும் கப்பல் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். தந்தி பம்பாய் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து மோர்ஸில் கப்பலுக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனைப் பக்கம் இருந்திருக்கும். கேப் டவுன் அருகில்தான். ஆனால் நிறவெறியை எதிர்த்து இந்தியா 1946-லேயே தென்னாப்பிரிக்காவுடன் வியாபாரத்தை முறித்துக்கொண்டதால் நம் கப்பல்கள் அங்கே போவதில்லை. எண்ணெய் நிரப்ப நின்ற முதல் துறைமுகம், ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸ்.

“உங்க அப்பா முதல்ல கிடைச்ச கரையிலேயே இறங்கிட்டார் சார். அங்கேயிருந்து நாலு நாள்ல தூத்துக்குடி வந்திருக்கார்னா, வழியில எங்கேயும் உட்காரக்கூட இல்லைன்னு அர்த்தம்” என்றார்.

செய்தி தெரிந்த பிறகு பத்து நாளுக்கு மேல் சுற்றிலும் தண்ணீர். இன்ஜின் ரூமில் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட். அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பெரியப்பாவுக்குச் சொல்ல வழியில்லை, அவரும் போய்விட்டார். அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தார். “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன்” என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு புத்தகம் இருந்தால், எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பழைய மை வேகமாக மங்குகிறது. சேமநிதி விவரம் தெரியாவிட்டால் மும்பையில் உள்ள மாலுமிகள் சேமநிதி அலுவலகத்துக்கு சி.டி.சி. எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். அவரோடு அதே கப்பலில் போனவர் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். புத்தகத்தில் ஊரும் தேதியும்தான் இருக்கும். அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதை அவர்களைப் போன்றவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களுக்கும் வயதாகிறது.