சான்றிதழ் கையில், வேலை எங்கே?

சமுதாயக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தால் கஷ்டம் தீரும் என்கிறார்கள். 1995-ல் புதுச்சேரியில் தொடங்கிய கல்லூரி முறை இது. ஆலைத் தொழிலாளியின் மகனும், நாற்று நடும் தாயின் மகளும் புரோகிராம் எழுதவும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கவும் கற்கட்டும். நாம் வரவேற்கிறோம்.

ஆனால், "திறமை இல்லை, அதனால் வேலை இல்லை" என்ற புளுகை நாம் ஏற்க மாட்டோம். மறைமலைநகர் ஃபோர்டு தொழிலாளிக்குத் திறமை இல்லையா? 1999 முதல் கார் செய்த கைகள் அவை! 2021 செப்டம்பரில் முதலாளி நஷ்டக் கணக்குக் காட்டினான். 2022-ல் கார் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன.

புதிதாகப் படித்து வரும் பிள்ளையின் கதி என்ன? பயிற்சி என்று ஆலைக்குள் அழைப்பார்கள். 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அவன் தொழிலாளியே அல்ல என்கிறது! வாங்குவது வேலை, கொடுப்பது உதவித்தொகை, காலம் முடிந்தால் வீட்டுக்கு.

தோழர்களே! கல்வி இலவசமாக வேண்டும், தமிழில் வேண்டும். ஷிப்டு முடிந்து வருவோருக்கு மாலை வகுப்பு வேண்டும். பயிற்சி முடித்தவருக்கு நிரந்தர வேலை வேண்டும். சர்க்கார் பதில் சொல்லட்டும்!

கம்ப்யூட்டரும் கற்போம், சங்கத்திலும் சேருவோம்!