இலையைப் பார்த்துக் கன்று வாங்கலாமா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களில் மா, கொய்யா, எலுமிச்சை, சவுக்கு நடுவோர் உண்டு. மழை தொடங்கியதும் நாற்றுப் பண்ணைக்குப் போகிறார்கள். இலை பச்சென்று, மார்பளவு உயரத்துக்கு நிற்கும் கன்றாகத் தேடி எடுக்கிறார்கள். விலையும் உயரத்துக்குத்தான். வேர் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம்.

பாலிதீன் பையில் வளரும் கன்றின் ஆணிவேர் நேரே இறங்கி, அடியைத் தொட்டதும் போக இடமின்றிப் பையின் வளைவிலேயே சுற்றத் தொடங்குகிறது. காலத்தோடு விற்காமல் இரண்டு வருடம் பையிலேயே கிடந்த கன்றின் வேர், சுற்றி வைத்த கவலைக் கயிறு போலாகிவிடும். நிலத்தில் நட்டால் தானே நிமிர்ந்து கொள்ளும் என்பது வீண் நம்பிக்கை. சுருண்ட வேர் சுருண்டபடியேதான் பருக்கும். நாளடைவில் வேரே வேரை நெரிக்கும். மரம் காய்ப்பில் குன்றும். எரு போதவில்லை போலும் என்று இன்னும் இரண்டு கூடை எரு கொட்டுவார்கள்! பெருங்காற்று வந்தால் சாயும். 2016 டிசம்பர் 12-ல் கரை கடந்த வர்தா புயலில் விழுந்த மரங்களுக்கெல்லாம் பைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், நாற்புறமும் வேரோடாத மரத்துக்குக் காற்றைத் தாங்கும் பிடிப்பு குறைவு என்பதில் சந்தேகமில்லை.

நெல் நாற்று கெட்டால் ஒரு போகம் நஷ்டம். மாங்கன்று கெட்டால், அது தெரிய வருவதற்கே ஐந்தாறு வருடம் ஆகிவிடுகிறது. ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் இதைத் தாங்க முடியுமா?

கன்று வளர்க்கும் பைக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம். எந்தத் தொட்டியானாலும் தண்ணீர் ஊற்றி வடிந்த பின்னும் அடியில் சில விரற்கடை மண் சொதசொதவென்றே இருக்கும். ஆழம் குறைந்த பையில் அந்த ஈரம் பாதி வேரை மூழ்கடித்துவிடும். வடிகாலுக்காக அடியில் ஜல்லி பரப்பும் வழக்கத்தால் பயனில்லை; ஈரம் தேங்கும் மட்டம்தான் மேலேறி வேரை நெருங்குகிறது. ஜல்லிக்குப் பதில் துளைகளைக் கூட்ட வேண்டும்; அடியில் மட்டுமின்றிப் பக்கங்களிலும் கீழ்ப்பகுதியில் துளை தேவை. வீட்டுத் தோட்டத்துக்கு மண் தொட்டி நல்லதுதான், காற்று புகும்; ஆனால் சீக்கிரம் காயும். வாய் குறுகிய பானை வேண்டாம். செடியை எடுக்கப் பானையை உடைக்க வேண்டிவரும்.

காய்கறி நாற்றுக்கு 98 குழிகள் கொண்ட குழித்தட்டு வந்திருப்பது நல்ல மாற்றம். அடித் துளையை எட்டிய வேர் நுனி, காற்றுப் பட்டதும் காய்ந்து நின்றுவிடுகிறது. பக்க வேர்கள் கிளைக்கின்றன. மரக்கன்றுகளுக்கான 'ரூட் டிரெய்னர்' குப்பியும் இதே வகைதான். அதன் உட்சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் வரம்புகள் வேரைச் சுற்றவிடாமல் இறக்கிவிடும். ஆனால் இவற்றைத் தரையில் வைத்தால் வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும், வாங்கிய பலன் போயிற்று. கம்பிச் சட்டத்தின் மீதோ மரப்பரண் மீதோ, அடியில் காற்றோடும்படி வைக்க வேண்டும். 25 நாளில் நட வேண்டிய தக்காளி நாற்றை 40 நாள் குழியிலேயே வைத்திருப்பதும் பை செய்யும் கெடுதலையே செய்யும்.

பண்ணைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உயரமான கன்றுதான் வேண்டும் என்று கேட்பவர் விவசாயி. சிறிய பையில் உயர்ந்த கன்று, வண்டியில் நிறைய ஏறும். அவரும் அதையே வளர்க்கிறார். உத்திரமேரூரின் பராந்தக சோழன் காலக் கல்வெட்டில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் பேசப்படுகிறது. தோட்டத்தைக் கவனிக்கத் தனி வாரியம் வைத்த ஊரில், கன்று வாங்கும்போது வேரைக் காட்டு என்று கேட்கத் தயக்கம் எதற்கு? நூறு கன்று வாங்குபவர், ஒரு கன்றின் பையைக் கிழித்து மண்ணை உதறிக் காட்டச் சொல்லலாம். அந்த ஒரு கன்றின் விலையைத் தாமே கொடுத்தாலும் நஷ்டமில்லை. விரல் பருமனில் வேர் வளையமிட்டிருந்தால் அந்த வரிசைக் கன்றே வேண்டாம்.

மெல்லிய வேர்கள் மட்டும் சுற்றியிருந்தால் சரி செய்யலாம். நடும்போது பையை முழுதும் நீக்கி, மண் கட்டியின் அடியில் அரை அங்குலத்தைக் கூர்மையான கத்தியால் சீவிவிட்டு, பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீற வேண்டும். பையின் அடியை மட்டும் கிழித்து அப்படியே குழியில் இறக்குவது கூடாது. இந்த வேலையை மாலையில் செய்து, உடனே தண்ணீர் விடுவது நல்லது.